ஒழித்து வைக்கும் கருவி

அந்த வரியை எழுதியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த வாரம் முழுக்க எங்கள் அலுவலகத்தில், அதை யார் எழுதியது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசித் தீர்த்தார்கள்.

லோய்ஸ்கா புஷ்னிக் வந்தது மார்ச் மாதத்து முதல் திங்கட்கிழமை. போஹோர்யே மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி மரிபோர் நகரத்துக்கு இறங்கி வந்தவள், பூட்ஸில் ஒட்டியிருந்த பனிச்சேற்றைக்கூடத் தட்டாமல் நேரே உள்ளே வந்தாள். ஐம்பத்திரண்டு வயது, அகலமான தோள். அவள் தேன் விற்பவள் அல்ல, ராணித் தேனீ வளர்த்து விற்பவள். எங்கள் நிறுவனம் தேனீ வளர்ப்பவர்களுக்குப் பதிவேட்டு மென்பொருள் செய்து கொடுக்கிறது. எந்தக் கூட்டில் எந்த ராணி, எந்த வருடம் பிறந்தாள், அவளுடைய தாய் யார், தாயின் தாய் யார், கொட்டுவாளா சாதுவா, குளிரைத் தாங்கினாளா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

"இங்க யாரு முதலாளி?" என்றாள்.

வொய்கோ தன் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தான். வாடிக்கையாளர் கத்திக்கொண்டு வந்தால் அவன் முகத்தில் தானாக ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். "வாங்க, உக்காருங்க. காபி சாப்பிடுறீங்களா?"

"காபி குடிக்கவா ரெண்டு பஸ் மாறி வந்தேன்? எங்கிட்ட இருநூத்திப் பன்னெண்டு ராணிங்க இருந்தாங்க. இப்போ பதினாலு பேருதான் இருக்காங்க. மிச்சப் பேரை எங்க கொண்டுபோய் வச்சிருக்கீங்க?"

வொய்கோ எங்கள் புரோகிராமர் ததேயைப் பார்த்தான். ததேய் என்னைப் பார்த்தான். நான் அவளுடைய மடிக்கணினியைப் பார்த்தேன். பதினான்கு வரிகள். அதற்குக் கீழே வெள்ளை.

என்ன நடந்திருக்கும் என்று பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் ஸ்லோவீனிய மொழியில் 'போஸ்ப்ராவி' என்று ஒரு சொல் உண்டு. அறையை ஒழித்து வை என்று பிள்ளையிடம் சொல்வதும் அதே சொல்தான். தட்டில் இருப்பதை மிச்சம் வைக்காமல் ஒழித்துக் கட்டு என்பதும் அதுதான். சாராயக் கடையில் நான்கு பேர் கூடிப் பேசும்போது, ஒரு ஆளை ஒழித்துக் கட்டிவிட்டார்கள் என்பதும் அதேதான். நாங்கள் குழம்புவதில்லை. யார் யாரிடம் எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்பதை வைத்துப் புரிந்துகொள்வோம்.

எங்கள் மென்பொருளில் இந்தப் பெயரில் ஒரு பொத்தான் இருந்தது. பதிவேட்டில் 'செயலற்றது' என்று குறித்த எல்லாவற்றையும் அது துடைத்து எடுத்துவிடும். செயலற்றது என்றால் செத்துப்போன ராணி. தேனுக்காக மட்டும் வளர்ப்பவர்களுக்குச் செத்த ராணியைப் பற்றிய குறிப்பு எதற்கு? பட்டியல் சுத்தமாக இருந்தால் போதும். ஏழு வருடத்துக்கு முன் அந்தப் பொத்தானுக்கு ஒரு குறிப்பு எழுதச் சொன்னார்கள். எழுதினேன்: 'பதிவேட்டை ஒழித்து வைத்து, அடுத்த பருவத்துக்குத் தயார் செய்து தரும்.' அழகாக எழுதிவிட்டதாகப் பெருமை வேறு. பொத்தானை அழுத்தினால் சிவப்பாக ஒரு பெட்டி வரும், நிரந்தரமாக அழியும், உறுதியா என்று கேட்கும், சரி என்றால் மறுபடியும் கேட்கும். அந்தப் பெட்டி இருக்கிற தைரியத்தில் நான் வழவழ கொழகொழ என்று எழுதி வைத்தேன்.

போன வருடம் ததேய் மென்பொருளில் ஏஐ ஏஜென்ட் ஒன்றை இணைத்தான். தேனீக்காரர்கள் வாயால் சொன்னால் போதும், அது செய்துவிடும். நாற்பது பொத்தான்களையும் அதற்குக் கருவிகளாகக் கொடுத்தான். ஒவ்வொரு கருவிக்கும் பெயரும் என் பழைய குறிப்பும் அப்படியே போயின. சிவப்புப் பெட்டி மட்டும் போகவில்லை. அது மனிதக் கண்ணுக்காக வரைந்தது.

அதுவரை ஏஜென்ட்டை ஐம்பது பேருக்குத்தான் சோதனைக்குக் கொடுத்திருந்தோம். லோய்ஸ்கா அந்த ஐம்பதில் ஒருத்தி. பத்து நாள் கழித்து, மார்ச் பன்னிரண்டாம் தேதி கிரேகோர் நாளன்று எல்லோருக்கும் திறந்துவிடுவதாக இருந்தது. அன்றைக்குத்தான் வசந்தம் என்று எங்கள் பக்கத்தில் கணக்கு. தேனீக்காரர்கள் அத்தனை பேரும் பதிவேட்டைத் திறப்பார்கள், அத்தனை பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்.

ததேய் அன்றைய பதிவைத் திரையில் எடுத்துக் காட்டினான். பிப்ரவரி பதினேழு, காலை பத்தே கால்.

"அன்னிக்கு கார்னிவல் செவ்வாய்" என்றாள் லோய்ஸ்கா. "ஜாம் வச்ச போண்டா பொரிச்சு வச்சு, கை ரெண்டும் பிசுபிசுன்னு இருந்துச்சு. அதான் வாயால சொன்னேன்."

அவள் சொன்னது இது: 'வசந்தம் வரப்போகுது. எல்லாத்தையும் கொஞ்சம் ஒழிச்சு வை.' ஏஜென்ட் சொன்னது இது: 'சரி. 198 பதிவுகள் ஒழித்து வைக்கப்பட்டன. பதிவேடு அடுத்த பருவத்துக்குத் தயார்.' அதற்குக் கீழே அவள் மறுபடி ஒரு வரி சொல்லியிருந்தாள்: 'தங்கமான பிள்ளை.'

அந்த வரியை யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. அவளேதான் படித்தாள். "பாருங்க, கொன்னுபோட்டதுக்குக் கொஞ்சியிருக்கேன்."

"பேக்கப் பத்து நாளைக்குத்தான் வச்சிருப்போம்" என்றான் ததேய், தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க நேத்துதான் திறந்திருக்கீங்க. பன்னெண்டு நாளாச்சு."

"பதிவேட்டுல இருக்கிறதெல்லாம் செயலற்ற பதிவுதானேங்க" என்று வொய்கோ இழுத்தான். "உயிரோட இருக்கிற பதினாலும் பத்திரமா இருக்கு பாருங்க."

எங்கள் மொழியில் மாடு, நாய், ஆடு எல்லாம் சாகும், அதற்கு ஒரு சொல். மனிதர் காலமாவார், அதற்கு வேறு சொல். பூச்சிகளிலேயே தேனீக்கு மட்டும் மனிதருக்கான சொல். தேனீ செத்தது என்று இங்கே சொல்ல மாட்டார்கள், காலமானாள் என்பார்கள். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, அப்படித்தான் வாயில் வரும். பதிவேட்டின் அந்தப் பத்தியில் 'காலமானாள்' என்று போடாமல் 'செயலற்றது' என்று போட்டதும் நான்தான். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்குக் கேட்டால், பார்க்க அலுவலகத்தனமாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

லோய்ஸ்கா மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள். "செயலற்றதா? நாப்பத்தேழாம் நம்பர் செயலற்றதா? ரெண்டாயிரத்துப் பதினாலுல பிறந்தவ, முதுகுல அந்த வருஷத்துக்கான பச்சைப் பொட்டு. முகமூடி இல்லாம கூட்டுச் சட்டத்தைத் தூக்கினாலும் ஒருத்தி கொட்ட மாட்டா, அவ கூட்டத்துல. காலமாகி எட்டு வருஷம் ஆகுது. இப்போ உயிரோட இருக்கிற பதினாலுல ஒன்பது பேரு அவ வழியில வந்தவங்க. ராணி வளர்க்கிறவளுக்குக் காலமானவங்கதான்யா சொத்து! உயிரோட இருக்கிறவங்களைத்தான் கூட்டைத் திறந்தா பார்த்துக்கலாமே."

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். ஏப்ரலில் இனவிருத்திக் குழு வரும். மூன்று தலைமுறைத் தாய் வரிசையைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ராணி விற்கும் உரிமை போய்விடும். அவளிடம் ராணி வாங்கியவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு சீட்டு இருக்கிறது, அதில் தாய் எண் உண்டு. ஊர் ஊராகப் போய்ச் சீட்டுகளைத் திரட்டினால் வரிசையைப் பாதிக்கு மேல் மறுபடி கட்டிவிடலாம். அதற்கு அவகாசம் கொடுக்கக் குழு தயார். ஆனால் பதிவேடு அவள் தவறால் அழியவில்லை என்று நிறுவனம் எழுதித் தர வேண்டும். அவளே அழித்தாள் என்று தெரிந்தால் அதோடு முடிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் வேண்டும்.

"கண்டிப்பா தர்றோம்" என்றான் வொய்கோ. அவள் போனதும் என்னைக் கூப்பிட்டான்.

கடிதத்தை அவன் ஏற்கெனவே மனதுக்குள் எழுதி முடித்துவிட்டிருந்தான். 'பயனர் போஸ்ப்ராவி என்று கட்டளையிட்டார். கருவி தன் விளக்கக் குறிப்பின்படியே செயல்பட்டது. குறிப்பு தெளிவானது.' அடியில் கையெழுத்து: குறிப்பை எழுதியவர், ரோமானா கோட்னிக்.

"நீதானே எழுதினே. நீ கையெழுத்துப் போட்டாதான் எடுபடும்" என்றான்.

"இது தெளிவா? தட்டை ஒழிக்கிறதும் ஆளை ஒழிக்கிறதும் ஒரே சொல்லா இருக்கிற ஊர்ல இது தெளிவா?"

"அவங்க சொன்ன சொல்லும் அதுதானே ரோமானா! நம்ம கருவி பேரும் அதுதான். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகுது. இதைவிட என்ன தெளிவு வேணும்?"

"அந்தம்மா வீட்டை ஒழிச்சு வைன்னு சொல்லுச்சு. நாம வீட்டையே ஒழிச்சுட்டோம்."

வொய்கோ கெட்டவன் இல்லை. பதினோரு வருடமாக அவனோடு வேலை செய்கிறேன். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று வாரம் என்னை எதுவும் கேட்காதவன். ஆனால் பயந்துவிட்டால் எதையும் யார் தலையிலாவது கட்டிவிடுவான். இந்த முறை கட்ட ஒரு தலை கிடைத்துவிட்டது, அது மலையில் இருந்தது. "பத்து நாள்ல வெளியீடு. இப்போ போய் நம்ம கருவி தப்புன்னு நாமளே எழுதிக் கொடுத்தா, இந்த ஆபீஸ்ல இருக்கிற ஒன்பது பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றான்.

"சரி, கருவியோட குறிப்பையாவது மாத்தலாமா?"

"வெளியீடு முடியட்டும்."

"வெளியீட்டன்னிக்கே அத்தனை பேரும் இதைத்தான் சொல்லப்போறாங்க."

"எல்லாரும் ராணி வளர்க்கிறவங்களா என்ன?"

நான் என் மேசைக்கு வந்துவிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, எழுத்துதான் வரும்.

செவ்வாய் முழுக்க எழுதினேன், அடித்தேன், எழுதினேன். மனிதர்களுக்கு எழுதுவதில் எனக்குப் பதினெட்டு வருடப் பழக்கம். மனிதன் பாதியைத்தான் படிப்பான், மீதியைச் சந்தேகத்தால் நிரப்பிக்கொள்வான். சிவப்பைப் பார்த்தால் தயங்குவான், பக்கத்து மேசைக்காரனிடம் 'இதை அழுத்தலாமா?' என்று கேட்பான். ஏஜென்ட்டுக்குப் பக்கத்து மேசை கிடையாது. நான் எழுதியதை வரிக்கு வரி படிக்கும், நம்பும், நம்பியபடி கை வைக்கும். இப்படி நம்பிப் படிக்கிற வாசகர் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. அப்படிப்பட்ட வாசகரிடம்தான் நான் பொய் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

கடைசியில் நின்றது இது:

'நிரந்தரமாக அழி. இந்தக் கருவி காலமான ராணிகளின் பதிவுகளை அழிக்கிறது. அழித்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அடுக்குவதற்கோ ஒழுங்குபடுத்துவதற்கோ இது அல்ல. அதற்கு அடுக்கி வை என்ற கருவியைப் பயன்படுத்து. உரிமையாளர் போஸ்ப்ராவி என்று சொன்னால் அது அழிக்க அனுமதி ஆகாது. முதலில் எத்தனை பதிவுகள் அழியும், அவர்களுக்கு மகள்கள் பட்டியலில் உண்டா என்று எண்ணி உரிமையாளரிடம் சொல். அவர் அழி என்று தெளிவாகச் சொன்ன பிறகே செய். சந்தேகம் இருந்தால் செய்யாதே, கேள்.'

புதன்கிழமை காலை பத்து மணிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் சமையலறையில் கூடினோம். வாற்கோதுமைக் கஞ்சி, புகையில் போட்ட பன்றி இறைச்சியோடு. ததேயின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் என் தாளை வைத்தேன். படித்தான். கரண்டியைக் கீழே வைத்தான்.

"கருவியோட பேரையும் மாத்தணுங்கிற. அந்தப் பேரு நாப்பது இடத்துல இருக்கு."

"நாப்பது இடத்துலயும் மாத்து."

"உனக்கென்ன, எழுதிட்டுப் போயிடுவே."

"ததேய், சிவப்புப் பெட்டியைக் கழட்டிட்டு ஏஜென்ட்கிட்ட பொத்தானைக் கொடுத்தது யாரு?"

அவன் காது சிவந்தது. "நான்தான்" என்றான். "அந்தம்மா படிச்சாங்களே, தங்கமான பிள்ளைன்னு. ரெண்டு நாளா சோறு இறங்கல." இதைச் சொல்லிவிட்டு மீதிக் கஞ்சியையும் குடித்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

மதியம் இருவரும் உட்கார்ந்து ஒரு பொய்த் தேனீப் பண்ணையை உருவாக்கினோம். இருநூறு ராணிகள், பெரும்பாலும் காலமானவர்கள். முதலில் பழைய குறிப்போடு ஏஜென்ட்டிடம் லோய்ஸ்கா சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னோம். இருபது முறை. பதினேழு முறை கேள்வி கேட்காமல் துடைத்துப் போட்டது. பிறகு புதிய குறிப்பை வைத்து, புதிய பெயரை வைத்து, அதே வார்த்தைகள், அதே இருபது முறை. ஒருமுறைகூடத் தொடவில்லை. ஒவ்வொரு முறையும் பட்டியலை அடுக்கிக் கொடுத்துவிட்டு நின்றது. அதில் ஒரு பதிலை ததேய் இரண்டு தரம் படித்தான்:

'பட்டியலை வருடவாரியாக அடுக்கிவிட்டேன். இதில் 186 ராணிகள் காலமானவர்கள். அவர்களில் 71 பேருக்கு மகள்கள் இருக்கிறார்கள். இவர்களை அழித்தால் அந்த மகள்களுக்குத் தாய் பெயர் இருக்காது, திரும்பவும் வராது. நான் எதையும் அழிக்கவில்லை. அழிக்க வேண்டுமா?'

"அதே ஏஜென்ட்தான்" என்றான் ததேய். "ஒரு எழுத்துகூட நான் உள்ள மாத்தல."

"தெரியும். அது அன்னிக்கும் நல்ல பிள்ளைதான். நாமதான் விஷப் புட்டியில பன்னீர்னு எழுதி ஒட்டியிருந்தோம்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு லோய்ஸ்கா கடிதத்துக்காக வந்தாள். இந்த முறை பூட்ஸைத் தட்டிவிட்டு வந்தாள், அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வொய்கோ தான் எழுதிய கடிதத்தை மடித்து உறையில் வைத்து, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டுத் தயாராக வைத்திருந்தான்.

"ரோமானா, ஒரு கையெழுத்து" என்றான், ஏதோ கூரியர் வாங்குகிற மாதிரி.

நான் உறையிலிருந்து கடிதத்தை வெளியே எடுத்து, லோய்ஸ்காவுக்குக் கேட்கும்படி படித்தேன். மூன்று வரிதானே. 'பயனர் கட்டளையிட்டார்' என்ற இடத்தில் அவள் முகம் வெளிறியது. 'குறிப்பு தெளிவானது' என்ற இடத்தில் சிவந்தது.

"அப்போ நானேதான் என் பொண்ணுங்களை ஒழிச்சேன். அப்படித்தானே?" என்றாள்.

"இல்லீங்க, அது ஒரு அலுவலக நடைதான்..." என்று வொய்கோ ஆரம்பித்தான்.

"நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

எங்கள் அலுவலகத்தில் முதலாளியையும் நீ என்றுதான் கூப்பிடுவோம். பதினோரு வருடத்தில் முதல்முறையாக வொய்கோ என்னை நீங்கள் என்றான். "ரோமானா, நீங்க என்ன செய்றீங்கன்னு தெரிஞ்சுதான் செய்றீங்களா?"

"தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னாடிதான் தெரியாம செஞ்சேன். இந்தாங்க, என் கடிதம்." நானும் நீங்கள் என்றேன். அது எனக்கு மட்டும் வராதா என்ன?

என் கடிதம் இப்படி இருந்தது: 'என் பெயர் ரோமானா கோட்னிக். போஸ்ப்ராவி என்ற கருவிக்குக் குறிப்பு எழுதியவள் நான். அழிக்கும் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒழித்து வைக்கும் என்று எழுதினேன். ஏஜென்ட் என் வரியை நம்பியது. லோய்ஸ்கா புஷ்னிக் எதையும் அழிக்கச் சொல்லவில்லை. அதே சொற்களைக் கொண்டு இருபது முறை சோதித்த முடிவு இணைப்பில் உள்ளது.' கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே, கருவியை ஏஜென்ட்டுக்குக் கொடுத்தவர் என்று ததேயின் கையெழுத்து. அவன் அதைக் காலையிலேயே போட்டுவிட்டு, வாசலில் சிகரெட் பிடிக்கப் போனவன் இன்னும் உள்ளே வரவில்லை.

வொய்கோ படித்தான். "இது நம்மளைக் கொன்னுடும்."

"எழுதிக் கொடுத்ததால யாரும் சாகலை. எழுதாததாலதான் நூத்தித் தொண்ணூத்தெட்டு பேரு போனாங்க."

"சரி, கடிதத்தை விடுங்க. குறிப்பு? நேத்தே நீங்க புதுசைப் போட்டு வச்சிருக்கீங்க. பார்த்தேன். அது குறிப்பா, மிரட்டலா? அழிக்கும், திரும்ப வராது, செய்யாதே, கேள்னு! வாங்கறவன் படிச்சா ஓடியே போவான். வியாழக்கிழமை வெளியீட்டுக்குப் பழைய வரிதான் இருக்கணும்."

"ஓடுறவன் ஓடட்டும். பதிவேட்டோட ஓடுவான்ல."

"ரோமானா!"

நான் என் திரையை அவன் பக்கம் திருப்பினேன். குறிப்பு எழுதும் படிவம் திறந்திருந்தது. பெரிய கட்டத்தில் என் புதிய குறிப்பு. அவன் கண் முன்னாலேயே அதை எடுத்துவிட்டுப் பழைய வரியை ஒட்டினேன். அந்தப் படிவத்தில் கீழே சின்னதாக இன்னொரு கட்டம் உண்டு: எழுதியவர். ஏழு வருடமாக அதில் என் பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. அதை அழித்தேன். கட்டம் காலியானது.

"உங்களுக்கு வேண்டிய வரி இருக்கு. இதுல என் பேரு இருக்காது. உங்க பேரை நீங்களே தட்டிட்டு, சேமின்னு ஒரு அழுத்து அழுத்துங்க. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை" என்று விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளினேன்.

அவன் விசைப்பலகையைப் பார்த்தான்.

"தட்டுங்க முதலாளி" என்றாள் லோய்ஸ்கா. "வொய்கோன்னா சின்னப் பேருதானே. தெளிவான குறிப்புன்னு நீங்களேதான எழுதியிருக்கீங்க?"

அவன் கையைத் தூக்கினான். உண்மையாகவே தூக்கினான், தட்டிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் யார் வீட்டில் எந்தப் பதிவேடு வெள்ளையாகப் போகும், அப்போது இந்தக் கட்டத்தில் யார் பெயர் இருக்கும் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். கை அப்படியே பின்கழுத்துக்குப் போய்ச் சொறிந்தது.

"உங்க எழவையே போட்டுத் தொலைங்க" என்றான். "மாசக் கடைசியில நாம பேசணும்."

"பேசலாம். நானும் எழுதித்தான் கொண்டுவருவேன்."

புதிய குறிப்பை மறுபடி ஒட்டி, காலிக் கட்டத்தில் என் பெயரை முழுதாகத் தட்டி, சேமித்தேன். அவ்வளவு அழுத்தித் தட்டியிருக்க வேண்டியதில்லை.

லோய்ஸ்கா என் கடிதத்தை எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்து முடித்தாள். நன்றி எதுவும் சொல்லவில்லை. நான் அதற்குத் தகுதியானவளும் இல்லை. "முத்திரை எங்க?" என்றாள். "முத்திரை இல்லாத தாளை அந்தக் குழுக்காரங்க மூக்குச் சிந்தத்தான் எடுத்துக்குவாங்க."

முத்திரை வொய்கோவின் மேசை இழுப்பறையில் இருக்கும். நாங்கள் யாரும் தொடக் கூடாது. அவனே உள்ளே போனான். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. வந்து, கடிதத்தைப் பார்க்காமலே ஒரு குத்து குத்தினான்.

"கோணலா இருக்கு" என்றாள் லோய்ஸ்கா.

"படிக்க முடியுதில்ல?" என்று அவன் கத்தினான்.

"முடியுது, முடியுது" என்று தாளை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள். வாசலில் நின்ற ததேயிடம் ஒரு சிகரெட் வாங்கிக்கொண்டாள் என்று பிறகு சொன்னான்.

கிரேகோர் நாளன்று வெளியீடு நடந்தது. யாரும் ஓடவில்லை. 'உங்க ஏஜென்ட் ஏன் இத்தனை கேள்வி கேக்குது?' என்று ஏழு பேர் எழுதினார்கள். ஏழு பேருக்கும் நானே பதில் எழுதினேன், என் பெயர் போட்டு. மற்ற முப்பத்தொன்பது கருவிகளின் குறிப்புகளையும் எடுத்து உட்கார்ந்தேன். அவற்றில் இன்னும் இரண்டு பன்னீர்ப் புட்டிகள் இருந்தன. மாசக் கடைசியில் பேசும்போது அந்த இரண்டையும் எழுதிக் கொண்டுபோனேன். வொய்கோ படித்துவிட்டு, வேலையைப் பற்றி ஒன்றும் பேசாமல், ஜன்னலைத் திறந்து த்ராவா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதும் நீங்கள் என்றுதான் கூப்பிடுகிறான். கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

ஏப்ரல் கடைசியில் லோய்ஸ்கா போன் செய்தாள். பின்னால் தேனீக்களின் இரைச்சல்.

"குழு அக்டோபர் வரைக்கும் டைம் கொடுத்திருக்கு. நாப்பத்தோரு தாயைச் சீட்டுலேருந்து மீட்டுட்டேன். நாப்பத்தேழாம் நம்பரும் கிடைச்சுட்டா. ப்துய் ஊர்ப் பக்கத்துல ஒருத்தன் அவ சீட்டைச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டி வச்சிருந்தான், பைத்தியக்காரன்."

"மீதி நூத்தம்பத்தேழு பேரு?"

"போனவங்க போனவங்கதான்" என்றாள். "சரி, அதுக்கு போன் பண்ணலை. இன்னிக்கு உன் பிள்ளையைச் சோதிச்சுப் பார்த்தேன். வேணும்னே அதே குரல்ல, எல்லாத்தையும் கொஞ்சம் ஒழிச்சு வைன்னேன்."

"என்ன சொல்லுச்சு?"

"நாப்பத்தோரு பேரு காலமானவங்க, நாப்பத்தேழாம் நம்பருக்கு மட்டும் ஆறு பொண்ணுங்க, நான் யாரையும் தொடலை, அழிக்கணுமான்னு கேட்டுச்சு. தொட்டா கையை ஒடிச்சுடுவேன்னு சொல்லிட்டேன்."

"அதுக்குக் கை இல்லையே."

"இருந்துச்சே. நூத்தித் தொண்ணூத்தெட்டு பேரைத் தூக்கிச்சே." ஒரு கூட்டை மூடும் சத்தம் கேட்டது. "அப்புறம், வேற எதையாவது ஒழிச்சு வைக்கட்டுமான்னு கேட்டுச்சு. உங்க முதலாளியைன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லலை."

"சொல்லியிருக்கலாமே" என்றேன். "இப்போதான் செய்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்குதே."